18 வயது நிறைந்த பிறகு: ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைக்கான பாதுகாப்பு விதிகளில் எது நிற்கிறது, எது போகிறது?

மேப்பிள்நிழல்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஓஹையோவில் ஒரு கிளப்பில் 10ஆம் லெவலில் பயிற்சி பெற்று வருகிறாள். பள்ளியில் இது கடைசி ஆண்டு. பிப்ரவரி இறுதியில் அவளுக்கு 18 வயது நிறைகிறது. மாநில, மண்டல, தேசியப் போட்டிகள் யாவும் அதற்குப் பிறகே வருகின்றன.

கிளப் நிர்வாகம் எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. பிறந்தநாள் முதல் அவள் 'வயது வந்த பங்கேற்பாளர்' என்ற பிரிவில் வருவாள் என்றும், சேஃப்ஸ்போர்ட் என்ற துன்புறுத்தல் தடுப்புப் பாடத்தை இணையவழியில் முடித்தாக வேண்டும் என்றும், பயணம், விடுதி, மசாஜ் ஆகியவற்றுக்கு நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதல் படிவங்கள் அத்துடன் செல்லாமல் போகும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். இதுவரை பயிற்சியாளர் அவளுக்கு அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியின் நகலும் எனக்கோ என் மனைவிக்கோ வந்துவிடும். இனி வர வேண்டிய கட்டாயமில்லை.

சட்டப்படி அவள் பெரியவள் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஜிம் அதே ஜிம், பயிற்சியாளர் அதே பயிற்சியாளர், காயம்பட்டால் படுக்கிற சிகிச்சை மேசையும் அதே மேசை. இந்த நிலையில் எந்தெந்தப் பாதுகாப்பு எஞ்சியிருக்கிறது? அணியில் 13 வயதுச் சிறுமிகள் இருவர் இருக்கிறார்கள், போட்டிப் பயணங்களில் அவர்களுடன்தான் இவள் அறையைப் பகிர்ந்து வந்தாள். அவர்கள் விஷயத்தில் இவளுக்குப் புதிதாக வரும் கட்டுப்பாடுகள் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தராசுமுள்:

உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனி விதித் தொகுப்புகள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும், டென்வரில் இயங்கும் அமெரிக்க சேஃப்ஸ்போர்ட் மையம் 2017 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. சிகிச்சை என்ற பெயரில் வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாஸரின் வழக்கு வெளிவந்த பிறகு, 2018 பிப்ரவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் அந்த மையத்துக்குச் சட்ட அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் அடிப்படையில் மையம் வகுத்தவைதான் சிறார் விளையாட்டு வீரர்களுக்கான துன்புறுத்தல் தடுப்புக் கொள்கைகள். சுருக்கமாக 'மேப்' என்பார்கள். 2019இல் வந்த இவை 2022இலும் 2024இலும் திருத்தப்பட்டன. ஒரு பெரியவரும் ஒரு சிறாரும் தனியாக இருக்கும் எந்தச் சந்திப்பும் பிறர் பார்க்கும்படியும் குறுக்கிடும்படியும் இருக்க வேண்டும். மின்வழிச் செய்தியில் பெற்றோரோ இன்னொரு பெரியவரோ சேர்க்கப்பட வேண்டும், பொதுவாகக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் அது போக வேண்டும். மசாஜ் போன்ற சிகிச்சையின்போது இன்னொரு பெரியவர் உடனிருக்க வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். காரில் தனியாக அழைத்துச் செல்வதற்கும் விடுதி அறைக்கும் இதே போன்ற நிபந்தனைகள் உண்டு. இவை அனைத்தும் 18 வயதுக்குட்பட்டவருக்கு மட்டுமே உரியவை. நெப்ராஸ்காவில் சட்டப்படி வயது வருவது 19இல், மிசிசிப்பியில் 21இல் என்றாலும் இந்தக் கொள்கைகளுக்கு நாடு முழுவதும் 18தான் கோடு. உங்கள் மகளுக்கு இவை பிறந்தநாளோடு முடிகின்றன.

இரண்டாவது தொகுப்பு சேஃப்ஸ்போர்ட் நடத்தை விதி. அதற்கு வயது வரம்பு கிடையாது. பாலியல் முறைகேடு, மிரட்டல், உடல்ரீதியான அல்லது மனரீதியான துன்புறுத்தல், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குதல் எல்லாம் 30 வயது வீராங்கனைக்கு நேர்ந்தாலும் விதிமீறல்தான். பயிற்சியாளருக்கும் வீராங்கனைக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு இருப்பதாகவே இந்த விதி முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது. பயிற்சி உறவு தொடரும் வரை, வீராங்கனையின் வயது எதுவானாலும், அந்த அனுமானம் நிற்கும். சிறாராக இருந்தபோது பயிற்சி பெற்றவர் அந்தப் பயிற்சியாளரை விட்டு விலகிவிட்டாலும், அவருக்கு 20 வயது நிறையும் வரை அது தொடரும். அதிகார ஏற்றத்தாழ்வு இருக்கும் இடத்தில் காதல் உறவு வைத்துக்கொள்வதே விதிமீறல். 'அவளுக்குத்தான் 18 ஆகிவிட்டதே, அவள் சம்மதித்தாளே' என்ற வாதம் அங்கே எடுபடாது. கிளப் கடிதங்களில் இந்தப் பகுதியை ஏனோ யாரும் எழுதுவதில்லை.

தேம்ஸ்கரை:

அந்த 20 வயது அனுமானம் எனக்குப் புதிய செய்தி. இங்கிலாந்தில் நிலைமை வேறு. 16, 17 வயதினருடன் ஆசிரியர் போன்றவர்கள் பாலுறவு கொள்வது 'நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவர்' என்ற பிரிவின் கீழ் நெடுங்காலமாகக் குற்றமாக இருந்தது. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் அதில் சேர்க்கப்பட்டது 2022 ஜூன் இறுதியில்தான். அதுவரை பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு நியாயம், மாலையில் அதே பெண்ணுக்குப் பயிற்சி தரும் கிளப் கோச்சுக்கு இன்னொரு நியாயம். அந்தக் காப்பும் 18இல் முடிந்துவிடுகிறது.

அதே ஜூன் மாதம், பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகள் பற்றி ஆன் வைட் தலைமையிலான விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2008 முதல் 2020 வரையிலான காலத்தைப் பற்றி 400க்கும் மேற்பட்டோர் அதற்குத் தகவல் அளித்திருந்தார்கள். எடை பார்த்து அவமானப்படுத்துவது, தண்ணீர் குடிக்கவும் கழிவறை செல்லவும் விடாமல் இருப்பது, காயத்தோடு பயிற்சி செய்ய வைப்பது என்று பக்கம் பக்கமாக வருகிறது. பிறகு பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் கொண்டுவந்த விதியில் பயிற்சியாளர் யாரையும் எடை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடை வயதைப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். 22 வயதுப் பெண்ணையும் கோச் தராசில் ஏற்ற முடியாது.

எழும்பூர் வக்கீல்:

ஒப்பீட்டுக்காக மட்டும் இந்திய நிலையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். இங்கும் 18 வயதில் சட்டமே மாறிவிடுகிறது. அதற்கு முன்பு 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். விளையாட்டுப் பயிற்சி நிலையமும் மைதானமும் அதில் 'பணியிடம்' என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் புகாரை 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும், காரணம் காட்டினால் இன்னும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். 17 வயதில் நடந்ததையும் 18 வயதில் நடந்ததையும் ஒரே பெண் ஒரே மனிதர் மீது சொல்லும்போது இரண்டு வாசல்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சேஃப்ஸ்போர்ட் மையத்தில் காலவரம்பு உண்டா என்று தராசுமுள் சொல்ல முடியுமா?

தராசுமுள்:

இல்லை, ஐயா. நீதிமன்றங்களுக்கு உரிய காலவரம்புகள் தன் விசாரணையைத் தடுக்காது என்று மையம் தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. உறுப்பினர் தகுதி பற்றிய விசாரணை என்பதால் மையத்தால் அப்படிச் செய்ய முடிகிறது. சிறைத்தண்டனை தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

பீம் ஓரம்:

நான் பல ஆண்டுகள் நடுவராக இருந்தவன். மேப்பிள்நிழல் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது மகளின் மீது விழும் கடமைகளுக்கு வருகிறேன். பெற்றோர் இதைத்தான் குறைவாக எண்ணிப்பார்க்கிறார்கள்.

18 ஆன அன்று உங்கள் மகள் அந்த 13 வயதுச் சிறுமிகளைப் பொறுத்தவரை 'பெரியவர்' ஆகிறாள். அவர்களுடன் ஒரே அறையில் தூங்க முடியாது, அவர்கள் முன்னால் உடை மாற்ற முடியாது, அவர்களில் ஒருத்திக்குத் தனியாக இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்ப முடியாது. விலக்கு ஒன்று உண்டு. சிறுமியின் மீது அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லாமல், வயது வித்தியாசம் 4 ஆண்டுகளுக்கு மேற்படாமல் இருந்தால், விதி தளரும். அறையைப் பகிர்வதற்கு அப்போதும் சிறுமியின் பெற்றோருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 18க்கும் 15க்கும் இந்த விலக்கு பொருந்தும், 18க்கும் 13க்கும் பொருந்தாது.

உச்ச நிலையில் இது எப்படி இருக்கும் என்பதற்குப் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் அமெரிக்க அணியைப் பாருங்கள். சிமோன் பைல்ஸுக்கு 27, ஜேட் கேரிக்கு 24, ஜோர்டன் சைல்ஸுக்கு 23, சுனி லீக்கு 21, ஹெஸ்லி ரிவேராவுக்கு 16. ரிவேராவுக்கு வயதில் மிக அருகில் இருந்தவர் லீ. இருவரின் பிறந்த தேதிக்கும் இடையே 5 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆகவே அந்த ஐவர் அணியில் ரிவேராவுக்கு நெருங்கிய வயது விலக்கின் கீழ் அறைத் தோழியாகத் தகுதி பெறுபவர் ஒருவர்கூட இல்லை. 2016 ரியோவில் லாரி ஹெர்னாண்டஸ் 16 வயதில், 22 வயது அலி ரைஸ்மனோடு ஒரே அணியில் இருந்தார். அப்போது இப்படி ஒரு விதியே கிடையாது.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அந்த ஆண்டுக்குள் 16 நிறைபவர் சீனியராகப் போட்டியிடலாம் என்ற சர்வதேச விதி 1997 முதல் இருக்கிறது. சிறாரும் பெரியவரும் ஒரே அணியில், ஒரே மேட்டில், ஒரே பேருந்தில் இருப்பது இந்த விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. நீச்சலிலும் இப்படி உண்டு என்றாலும் இங்கே நெருக்கம் அதிகம், ஏனென்றால் கற்றுக்கொடுப்பதே கையால் தாங்கித்தான்.

இன்னொன்று. உங்கள் மகள் மாலையில் சிறு குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்து அதற்கு ஏதாவது சம்பளம் பெறுகிறாளா? பல கிளப்புகளில் மூத்த பெண்கள் எடுக்கிறார்கள். அப்படியானால் அந்தக் குழந்தைகள் மீது அவளுக்கு அதிகாரம் இருக்கிறது. வயது எவ்வளவு நெருங்கியிருந்தாலும் விலக்கு கிடையாது.

மேப்பிள்நிழல்:

சனிக்கிழமை காலையில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள், ஐயா. அதற்குத் தனி உறுப்பினர் பதிவும் பின்னணிச் சரிபார்ப்பும் தேவை என்று கிளப் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அவள் அதை ஒரு பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டாள். துர்நடத்தை பற்றித் தெரியவந்தால் புகார் செய்யும் பொறுப்பும் அவளுக்கு வருகிறதா?

தராசுமுள்:

வருகிறது. சிறார் துன்புறுத்தல் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கும் சேஃப்ஸ்போர்ட் மையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் வயது வந்தவராக இருந்தால், பாலியல் முறைகேட்டை மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பிப்ரவரி வரை தோழி சொன்ன இரகசியம், மார்ச்சில் சட்டக் கடமை. 18 வயதுப் பெண்ணுக்கு இது பெரிய சுமை என்பதை நான் மறுக்கவில்லை. 'எனக்கு நடந்ததை நானே சொல்ல வேண்டுமா' என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, தனக்கு நேர்ந்ததைப் புகார் செய்யும்படி யாரையும் இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை.

நாலாம் ரொட்டேஷன்:

நான் கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் போட்டியிட்டவள். இங்கே எழுதிய எல்லோரும் பெற்றோராகவோ நடுவராகவோ வழக்கறிஞராகவோ தெரிகிறீர்கள், ஆகவே மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

17 வயதில் என் பயிற்சியாளரின் ஒவ்வொரு செய்தியும் அம்மாவுக்குப் போனது. அது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதவிடாய் நின்றுபோனதைப் பற்றியோ, அணியை விட்டு விலக நினைப்பதைப் பற்றியோ கோச்சிடம் பேச முடியாமல் போனதும் அதனால்தான். 18 ஆனவுடன் அந்த நகல் நின்றபோது எனக்கு மூச்சு வந்தது. சில வீடுகளில் வீராங்கனையைப் பட்டினி போடச் சொல்லிக் கோச்சை நெருக்குவதே பெற்றோர்தான் என்பதையும் இந்த அவை அறிய வேண்டும். பெற்றோர் கண் பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விதி நம்பினால் அது பாதி உண்மையைத்தான் நம்புகிறது.

இதனால் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாஸரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'குழந்தைகள்' என்றே சொல்கிறார்கள். 2015இல் நாட்டின் ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமான யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் எஃப்பிஐயிடம் கொடுத்த தகவலில் இருந்த மூன்று வீராங்கனைகளில் மேகி நிக்கல்ஸுக்கு மட்டுமே 17 வயது. மெக்கேலா மரோனிக்கு 19, ரைஸ்மனுக்கு 21. அந்த ஆண்டு செப்டம்பரில் எஃப்பிஐ தொலைபேசியில் விசாரித்தது மரோனியை மட்டும்தான், அதையும் 17 மாதங்கள் கழித்தே அறிக்கையாக எழுதினார்கள் என்று நீதித்துறை தலைமை ஆய்வாளரின் 2021 அறிக்கை சொல்கிறது. மரோனிக்குக் கொடுமை தொடங்கியது 13 வயதில். அவருக்கு 18 நிறைந்த நாள் அந்த மருத்துவரின் நடத்தையில் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. 2014இல் அங்கே நாஸர் மீது புகார் கொடுத்தவர் பட்டம் முடித்த ஒரு பெண். அந்தச் சிகிச்சை மருத்துவ ரீதியாகப் பொருத்தமானதுதான் என்று விசாரணையை முடித்தார்கள். அதன் பிறகு, நுட்பமான சிகிச்சைகளின்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. அது பின்பற்றப்படுகிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாஸரின் மேலதிகாரியாக இருந்த புலத் தலைவர் கடமை தவறியதற்காக 2019இல் தண்டிக்கப்பட்டார். அந்த அறைக்குள் போனவர்களில் பலர் 18ஐத் தாண்டிய கல்லூரி மாணவிகள்.

என் கருத்து இதுதான். பெற்றோரின் கையெழுத்தை நம்பி நிற்கும் விதிகள் 18இல் போகட்டும், அந்தக் கையெழுத்து வீராங்கனையுடையதாக மாறட்டும். கதவு திறந்திருக்க வேண்டும், சிகிச்சையின்போது மூன்றாவது ஆள் இருக்க வேண்டும் என்ற விதிகள் ஏன் 18இல் போக வேண்டும்? அவற்றுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

தேம்ஸ்கரை:

எடை விதியைப் பற்றி நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுவே. இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

தராசுமுள்:

நாலாம் ரொட்டேஷன் சொல்வதை ஏற்கிறேன், ஒரு இடத்தைத் தவிர. வயது வந்தவருக்கும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால், தனிமையில் பேச விரும்பும் வீராங்கனையின் உரிமையும் அதில் அடிபடும். உளவியல் ஆலோசகரிடம் பேசுவதை எப்படி வெளியே தெரியும்படி வைப்பது? சிறாருக்கே அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. உடலைத் தொடும் சிகிச்சைக்கு மூன்றாவது ஆள் கட்டாயம், பேச்சுக்கு வீராங்கனையின் விருப்பம் என்று பிரித்தால் எனக்கு உடன்பாடு.

மேப் விதிகள் கீழ் எல்லை மட்டுமே. அமைப்புகள் அதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஒரு கிளப் மனம் வைத்தால் எல்லா வயதினருக்கும் இரண்டாவது பெரியவர் என்ற நடைமுறையை இன்றே எழுதிவிடலாம்.

கல்லூரிக்குப் போகும்போது இன்னொரு இடைவெளி வரும் என்பதையும் மேப்பிள்நிழல் குறித்துக்கொள்ளட்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ சேஃப்ஸ்போர்ட் மையத்தின் ஆளுகைக்குள் வராது. அங்கே புகார் போவது பல்கலைக்கழகத்தின் டைட்டில் ஒன்பது அலுவலகத்துக்கு, அதாவது கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு. கல்லூரிப் பயிற்சியாளர் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸிலும் உறுப்பினராக இருந்தால் மட்டுமே மையம் தலையிட முடியும். சேரும் முன்பே அவருடைய உறுப்பினர் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலை மையம் தன் இணையதளத்தில் எல்லோரும் தேடும்படி வைத்திருக்கிறது.

பீம் ஓரம்:

மனரீதியான கொடுமைக்கும் இதே கதைதான். மேகி ஹேனி என்ற பயிற்சியாளர் 2020 ஏப்ரலில் 8 ஆண்டுகள் இடைநீக்கம் செய்யப்பட்டார், பிறகு நடுவர் மன்றம் அதை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. அவரிடம் பயின்ற லாரி ஹெர்னாண்டஸ் தனக்கு நேர்ந்ததைப் பற்றி வெளிப்படையாக எழுதியபோது அவருக்கு 19 வயது, ஒலிம்பிக் தங்கம் வென்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறாராக இருந்தபோது பேச முடியாததைப் பெரியவர் ஆன பிறகே பலர் பேசுகிறார்கள். 18ஐ ஒரு முடிவாக மட்டும் பார்க்கும் நிர்வாகிகளுக்கு இது உறைப்பதில்லை.

மேப்பிள்நிழல்:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை மகளிடம் முழுவதும் படித்துக் காட்டினேன், நாலாம் ரொட்டேஷன் எழுதியதை அவளே இரண்டாவது முறை படித்தாள். 'அப்பா, நகல் வேண்டாம், மேசைப் பக்கம் ஆள் வேண்டும்' என்றாள். அவள் அப்படிப் பிரித்துச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவளே கிளப் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பயண நேரம், போட்டி விவரம் போன்றவை குழுச் செய்தியாகவே தொடரட்டும், தனிச் செய்திகளில் பெற்றோர் நகல் தேவையில்லை, பிசியோதெரபி நடக்கும்போது இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும் என்று மூன்றே வரிகள். பிசியோ பற்றிய வேண்டுகோளை 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் நடைமுறையாக்க முடியுமா என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்பதாக மேலாளர் பதில் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் என்ன முடிவாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. மண்டலப் போட்டிக்கு அறை ஒதுக்கியதில் அவளுக்குத் துணையாக 14 வயதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். 18க்கும் 14க்கும் வித்தியாசம் சரியாக 4. இது விலக்குக்குள் வருமா?

தராசுமுள்:

ஆண்டு எண்ணை மட்டும் கழித்துப் பார்க்காதீர்கள், பிறந்த தேதிகளை எடுத்து வைத்துக் கணக்கிடுங்கள். உங்கள் மகள் 4 ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாரம் மூத்தவளாக இருந்தாலும் விலக்கு இல்லை. உள்ளே வந்தாலும் அந்தப் பெண்ணின் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பெண் உங்கள் மகளிடம் படிப்பவளாக இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றில் ஐயம் இருந்தாலும் தனி அறை கேட்டுவிடுங்கள். பட்டியல் அச்சாவதற்கு முன்பே கேட்டால் கிளப்புக்கும் சிரமம் இருக்காது.